பரன்சேம்: பழியும் முற்றுகையும்

கி.பி. 368-ஐ ஒட்டிய நாட்களில் ஆர்மேனியாவுக்கு அரசன் இல்லை. இரண்டாம் அர்ஷாக்கை, பாரசீகப் பேரரசன் இரண்டாம் ஷாபூர் சத்தியம் செய்து வரவழைத்துச் சிறைப்பிடித்துவிட்டான். படைத்தலைவன் வாசக் மாமிகோனியன் தோல் உரிக்கப்பட்டுச் செத்தான். பெருங்குடித் தலைவர்களில் சிலர் பாரசீகத்தின் பக்கம் சாய்ந்தார்கள். மற்றவர்கள் தத்தம் மலைகளில் ஒதுங்கினார்கள். மேற்கே ரோம் கைகட்டி நின்றது. அந்த நேரத்தில் அரச கருவூலத்தோடு அர்த்தகெர்ஸ் என்ற மலைக்கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்தவள் அரசி பரன்சேம். அடுத்த பதினான்கு மாதங்களுக்கு ஆர்மேனிய அரசு என்று ஒன்று எங்காவது இருந்ததென்றால் அது அந்த மதிலுக்குள்தான் இருந்தது.

இவளைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. ஆர்மேனியத் திருச்சபை மரபில் வந்த பழைய வரலாற்று நூலுக்கு இவள் சக்களத்தியை நஞ்சிட்டுக் கொன்றவள், பெற்ற பிள்ளையைத் தீய ஆவிகளுக்கு நேர்ந்துவிட்டவள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விழித்தெழுந்த தேசிய உணர்வுக்கு அவள் வீரநாயகி. திக்ரான் சுகாஜியான் 1868-இல் இசையமைத்த ‘இரண்டாம் அர்ஷாக்’ ஆபராவில் கதையைச் சுமக்கும் பாத்திரங்களில் ஒருத்தி. இரண்டு தீர்ப்புக்கும் ஒரே குறை உண்டு. இரண்டும் அவளுடைய குணத்தைப் பேசுகின்றன; ஆட்சியாளராக அவள் எடுத்த முடிவைப் பேசவில்லை. கோட்டையை விடாமல் பிடித்திருந்தது சரியான முடிவுதானா? அதற்கு நாடு கொடுத்த விலை தகுமா? விடை தேட வேண்டிய கேள்விகள் இவை.

சாட்சிகள் மூவர்

முதல் சாட்சி அம்மியானுஸ் மார்செல்லினுஸ். ரோமானியப் படை அதிகாரி. 359-இல் ஷாபூர் அமிதா நகரை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்து உயிர்தப்பியவர். 363-இல் பேரரசன் ஜூலியனின் பாரசீகப் படையெடுப்பிலும் போனவர். முற்றுகை என்றால் என்ன என்று உடம்பால் அறிந்தவர், நிகழ்ச்சிகளின் சமகாலத்தவர். ஆனால் அவருக்கு ஆர்மேனியா ரோமின் கிழக்கு எல்லைச் சிக்கல்களில் ஒன்று மட்டுமே. அரசியின் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை. ‘அர்சாக்கெஸின் (அர்ஷாக்கின்) மனைவி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இரண்டாவது, ‘புசந்தரன்’ எனப்படும் ஆர்மேனிய வரலாறு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாய்மொழிக் கதைமரபிலிருந்து எழுந்த நூல். உள்நாட்டுச் செய்தி நிறைந்தது. அரசியின் பெயரும் பிறந்த குடியும் இதிலிருந்துதான் கிடைக்கின்றன. ஆனால் இந்நூலுக்கு இரண்டு பற்றுகள்: ஒன்று திருச்சபை, மற்றொன்று மாமிகோனியன் குடி. அரச குலமான அர்ஷாகுனிகள் தலைமை ஆயர் நெர்செஸோடு மோதினார்கள். ரோமில் அப்போது கோலோச்சிய, ஆர்மேனியத் திருச்சபை ஏற்காத ஆரியுஸ் கொள்கைக்கு இணங்கிப் போனார்கள். ஆகவே அவர்களுக்கு வந்த கேடெல்லாம் ஆண்டவனின் தண்டனை என்பது இந்நூலின் முடிந்த முடிபு. மூன்றாவது, மொவ்செஸ் கொரெனாத்சியின் வரலாறு. அது காலத்தால் பிந்தியது என்று பலர் கருதுவதால், மற்ற இரண்டோடும் ஒப்பிடுவதற்கே அதிகம் உதவும்.

பழியை எடைபோடல்

சியுனிக் குடியின் தலைவன் அந்தோவ்கின் மகள் பரன்சேம். முதலில் அர்ஷாக்கின் உறவினன் க்னெலுக்கு மனைவியானாள். அவள் அழகில் மயங்கிய மற்றோர் உறவினன் திரித், க்னெல் அரியணைக்குக் குறிவைக்கிறான் என்று அரசனிடம் கோள் மூட்டினான். ஷகபிவான் பாசறையில் நடந்த நவசர்த் திருவிழாவுக்கு க்னெல் அழைக்கப்பட்டான். வந்த இடத்தில் பிடித்துக் கொல்லப்பட்டான். அவன் உயிருக்காக மன்றாட நெர்செஸ் கூடாரத்துக்குள் ஓடிவந்தபோது, அரசன் முகத்தை மூடிக்கொண்டு உறங்குவதுபோல் கிடந்தானாம். கொலைக்குப் பிறகு அவனே எல்லோரையும் துக்கம் காக்கச் சொன்னான். திரித்தின் ஆசை வெளிப்பட்டதும் அவனையும் கொன்றுவிட்டுப் பரன்சேமை மனைவியாக்கிக்கொண்டான்.

இந்தக் கட்டத்தில் புசந்தரன் அவளைக் குற்றம் சாட்டவில்லை. என்னால்தான் என் கணவன் செத்தான் என்று கூந்தலைப் பிய்த்துக்கொண்டு அலறியவளாகவே காட்டுகிறது. பிறகு அவள் அரசனை வெறுத்தாள், அவன் கருத்தவன், உடம்பெல்லாம் மயிர் அடர்ந்தவன் என்று இகழ்ந்தாள் என்கிறது. கணவனைக் கொன்றவனோடு வாழ நேர்ந்த பெண்ணின் வெறுப்புக்கு மேனி நிறத்தைக் காரணமாகத் தேடிய இடத்திலேயே அந்நூலின் சார்பு தெரிந்துவிடுகிறது.

பெரும் குற்றச்சாட்டு இனித்தான் வருகிறது. அர்ஷாக் ரோமிலிருந்து ஒலிம்பியாவை மனைவியாகக் கொண்டுவந்தான். அவள் உயர் அதிகாரி அப்லாபியுஸின் மகள். முன்பு பேரரசன் கான்ஸ்டன்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள். இதை அம்மியானுஸும் உறுதிப்படுத்துகிறார். புசந்தரன் சொல்வது இது: ஒலிம்பியா தன் பணிப்பெண்கள் தருவதைத் தவிர எதையும் உண்பதில்லை, குடிப்பதில்லை. வேறு வழி காணாத பரன்சேம், ம்ர்ஜியுனிக் என்ற அரண்மனைப் பாதிரியைப் பிடித்து நற்கருணையிலேயே நஞ்சு கலக்கச் செய்தாள். கூலியாகத் தரோன் நாட்டில் கோம்குன்க் என்ற ஊரைக் கொடுத்தாள்.

இதை எப்படி எடைபோடுவது? அவளுக்குக் காரணம் இருந்தது: ரோமானிய மனைவிக்கு மகன் பிறந்தால் தன் மகன் பாப்பின் பட்டம் கைநழுவும். வாய்ப்பும் இருந்தது. ஒலிம்பியாவின் பேச்சு பின்னர் எங்கும் எழவில்லை. பாதிரியின் பெயரும் கூலியாகப் போன ஊரின் பெயரும் கதைக்கு ஒரு பத்திரத்தின் தோற்றத்தைத் தருகின்றன. ஆனால் முதன்மைச் சாட்சி ஒன்றே. அதுவும் பகைச் சாட்சி. ஒரே கதை இரண்டு எதிரிகளை அடித்து வீழ்த்துவதையும் பார்க்க வேண்டும்: ஒருபுறம் அரசி, மறுபுறம் நெர்செஸ் இல்லாத இடத்தில் அரசனுக்கு இசைந்து நடந்த அரண்மனைக் குருமார். அவர்கள் கைப்பட்ட நற்கருணையே நஞ்சு என்று சொல்வதைவிட வன்மையான கண்டனம் திருச்சபை எழுத்தாளருக்கு வேறு கிடையாது. ஒலிம்பியாவை அறிந்த அம்மியானுஸ் இக்கொலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை விடுதலைக்கான சான்றாகவும் கொள்ள முடியாது. ஐயம் வலுவானது, ஆனால் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே என் முடிவு. அவள் செய்திருந்தாலும் அது தனிக் குற்றம்; அதன் பெயரால் முற்றுகையின் அரசியலை எடைபோடாமல் விடுவது வரலாற்று நேர்மை ஆகாது.

கோட்டைக்குள் என்ன நடந்தது

363-இல் ஜூலியன் பாரசீக மண்ணில் இறந்ததும் புதிய பேரரசன் ஜோவியன், படையை மீட்டுக்கொண்டு போவதற்காக 30 ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டான். நிசிபிஸ், சிங்காரா நகரங்கள் பாரசீகத்துக்குப் போயின. அதோடு, ஷாபூருக்கு எதிராக அர்ஷாக்குக்கு உதவுவதில்லை என்றும் ரோம் ஒப்புக்கொண்டது. ஆர்மேனியாவைக் கேளாமலே ஆர்மேனியா கைவிடப்பட்டது. அர்ஷாக்கின் சிறை இதன் நேரடி விளைவு.

இந்த நிலைக்கு இருதலைக் கொள்ளி எறும்பு என்று பெயர் வைத்துவிடுவது எளிது. ஆனால் எறும்புக்குத் தேர்வு கிடையாது, பரன்சேமுக்கு இருந்தது. கருவூலத்தை ஒப்படைத்து உயிர்ப்பிச்சை கேட்டிருக்கலாம். மகனோடு ரோமுக்கு ஓடியிருக்கலாம். அவள் இரண்டையும் விட்டு, தான் கோட்டையில் தங்கி மகனை ரோமுக்கு அனுப்பினாள். தாயின் அறிவுரைப்படி பாப் சிலரோடு கோட்டையைவிட்டு வெளியேறினான், பேரரசன் வாலென்ஸ் அவனை நியோகெசாரியாவில் தங்கவைத்தான் என்று அம்மியானுஸ் தெளிவாகச் சொல்கிறார். முற்றுகையின் பொருள் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. வாரிசு ரோமின் கையில். கருவூலமும் முடியுரிமையும் கோட்டையில். ஒன்று விழுந்தாலும் மற்றது மிஞ்சும். நிராசையில் கதவைச் சாத்திக்கொண்ட பெண்ணின் செயலாக இது தோன்றவில்லை. பங்கிட்டு வைத்த அரசியல் திட்டமாகவே தோன்றுகிறது. பாப் தொடக்கத்திலிருந்தே ரோமானிய நிலத்தில் இருந்தான் என்று புசந்தரன் மாறுபடுகிறது. ஆயினும் மகன் வெளியே, தாய் உள்ளே என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முற்றுகையிட்ட படைக்கு வழிகாட்டியவர்கள் இருவர்: கிலாக்கெஸ் என்ற அண்ணகர், அர்த்தபன்னெஸ் என்ற படைத்தலைவர். இருவரும் ஷாபூரிடம் போய்ச் சேர்ந்த ஆர்மேனியர்கள். நாட்டை நிர்வகிக்கும் பொறுப்பையே ஷாபூர் அவர்களிடம் விட்டிருந்தான். குளிர்காலம். பனியிலும் உறைபனியிலும் மதிலை நெருங்க முடியவில்லை. உயிருக்கு உறுதி பெற்றுக்கொண்டு இருவரும் கோட்டைக்குள் போனார்கள், சரணடையச் சொல்லி அரசியின் மனத்தைக் கரைப்பதற்காக. கரைந்தது அவர்கள் மனம்தான். கணவனுக்கு நேர்ந்த கதியை அவள் எடுத்துச் சொன்னதும் இருவரும் கட்சி மாறினார்கள். வெளியே வந்து, உள்ளிருப்பவர்கள் யோசிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்கிறார்கள் என்று பாரசீகர்களிடம் சொன்னார்கள். குறித்த இரவில், பாசறை அயர்ந்து தூங்கும் சாமத்தில், வாயில் திறந்தது. வீரர்கள் அரவமின்றிப் போய்ப் பலரை உறக்கத்திலேயே வெட்டிச் சாய்த்தார்கள்.

அம்மியானுஸ் இதை இரக்கத்தின் கதையாக எழுதுகிறார்: பெண் அழுதாள், ஆண்கள் இளகினார்கள். நடந்த காரியத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முற்றுகைப் படையின் இரண்டு தலைவர்களை ஒரே சந்திப்பில் தன் பக்கம் திருப்பி, நாளும் நேரமும் குறித்து, அவர்களையே வெளியில் தூதாக அனுப்பி எதிரியைத் தூங்கவைத்திருக்கிறாள். அந்தச் சந்திப்பில் கண்ணீர் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. புசந்தரனிலும் ஓர் அண்ணக அதிகாரி இரகசியமாகக் கோட்டைக்குள் வருகிறார். ஆனால் அங்கே அவர் அரசியை வேசி என்று ஏசிவிட்டுப் போகிறார். அரண்மனை அதிகாரி ஒருவர் வாசல் கடந்து வந்தார் என்ற நினைவை ரோமானியர் கூட்டணியாகவும் ஆர்மேனியர் அவமானமாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். அவளைப் பற்றி எழுதியவர்களின் கை எவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காலத்தை வாங்கியவள்

இனி முக்கியமான கேள்வி: இதனால் என்ன பயன்?

வாலென்ஸ் 367 முதல் 369 வரை தன்யூப் கரையில் கோத்தியரோடு போரில் சிக்கியிருந்தான். கிழக்கே திரும்ப அவனால் முடியவில்லை. உடன்படிக்கையை வெளிப்படையாக மீறவும் தயங்கினான். பாப்பை ஆர்மேனியாவுக்குத் திருப்பி அனுப்பியபோதுகூட, உடன்படிக்கையை முறித்த பழி வரக்கூடாதென்று அரச சின்னங்கள் இல்லாமல்தான் தளபதி தெரென்தியுஸோடு அனுப்பினான். சினங்கொண்ட ஷாபூர் தானே படையோடு வந்தான், பழமரங்களை எரித்தான், கோட்டைகளைப் பிடித்தான். பாப் ஐந்து மாதம் மலைகளில் ஒளிந்து திரிந்தான். அர்த்தகெர்ஸ் இந்தக் கட்டத்தில்தான், காவற்படை ஓய்ந்துபோன பிறகு, வீழ்ந்து எரிந்தது. அரசியும் கருவூலமும் ஷாபூர் கையில் சிக்கினார்கள்.

கோட்டை விழுந்தது, திட்டம் விழவில்லை. கோத்தியப் போர் 369-இல் முடிந்ததும் ரோமானியப் படை கிழக்கே வந்தது. தளபதி அரிந்தேயுஸ் ஆர்மேனியாவுக்குள் நுழைந்தான். 371-இல் பகவான் அருகே நடந்த போரில் பாரசீகம் தோற்றது. பாப் அரியணையில் நிலைத்தான். ரோமால் வர முடியாதிருந்த காலத்தின் பெரும்பகுதியை அர்த்தகெர்ஸ் தாங்கியிருக்கிறது. ரோம் எப்போது திரும்பும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் ரோமின் கையில் பட்டத்துக்குரியவன் இருக்கும்வரை, கோட்டை நின்றிருக்கும் ஒவ்வொரு மாதமும் தன் பக்கத்துக்கு ஆதாயம் என்பதை அவள் கணித்திருக்கிறாள். கணிப்பு சரியாக இருந்தது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. சமரசம் செய்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்குமா? இதற்குப் பத்தாண்டுக்குள்ளேயே ஒரு மாற்று எடுத்துக்காட்டு கிடைக்கிறது. பாப்பின் மனைவி சர்மந்துக்த், தன் சிறு மகன்களுக்காக, மானுவேல் மாமிகோனியனின் துணையோடு நாட்டை ஆண்டாள். அவர்கள் பாரசீகத்தின் மேலாண்மையை ஏற்றுப் பாரசீகப் படையை நாட்டுக்குள் அனுமதித்தார்கள். பதிலுக்கு அரசிக்கும் பிள்ளைகளுக்கும் பாரசீகத்திடமிருந்தே முடி வந்தது. மருமகள் வளைந்து பிழைத்தாள், மாமியார் வளையாமல் அழிந்தாள் என்று இதைக் காட்டி வாதிடலாம்.

இரண்டு அரசிகளிடமும் பாரசீகம் கேட்ட விலையை ஒப்பிட்டால் வாதம் நிற்காது. சர்மந்துக்த் பேசிய காலத்தில் வாலென்ஸ் 378-இல் அட்ரியானோப்பிளில் மாண்டிருந்தான். ஷாபூரும் 379-இல் இறந்துவிட்டான். அடுத்து வந்த பாரசீக அரசு ஆர்மேனிய முடியை ஏற்க அணியமாக இருந்தது. பரன்சேமின் எதிரில் இருந்தது அந்த அரசு இல்லை. ஷாபூர் அவள் கணவனின் கண்களைப் பிடுங்கினான். நாட்டை அரசனில்லாத நிர்வாகப் பகுதியாக்கி இரண்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்தான். அவளிடம் கேட்கப்பட்டது பணிதல் மட்டுமில்லை, அரசகுலமே இல்லாமல் போவதற்கான இசைவு. முடியை ஒப்புக்கொள்ளும் எதிரியோடு சமரசம் பேசலாம். முடியையே துடைத்தெறிய வந்தவனிடம் பேச என்ன மிச்சம்? சர்மந்துக்துக்குப் பேரம் பேச மகன்கள் இருந்தார்கள் என்றால், அதற்கு முன் பாப் உயிரோடு அரியணை ஏறியிருக்க வேண்டும். மருமகளின் சமரசத்துக்கு இடம் வைத்தது மாமியாரின் எதிர்ப்பு.

செத்தவர்களும், அவள் சாவும்

விலையை மறைக்கக் கூடாது. 11,000 வீரர்கள், 6,000 பெண்கள் கோட்டைக்குள் இருந்தார்கள், முற்றுகையின் கடைசிக் கட்டத்தில் கொள்ளை நோய் புகுந்து எல்லோரையும் கொண்டுபோனது, அரசியும் இரண்டு பணிப்பெண்களும் மட்டுமே மிஞ்சினார்கள் என்கிறது புசந்தரன். கருவூலத்தை மலையிலிருந்து இறக்க ஒன்பது பகலும் ஒன்பது இரவும் ஆனதாம். எண்கள் காப்பியத்துக்குரியவை, நோய் ஆண்டவனின் தண்டனை என்பதும் நூலின் கோட்பாடு. அம்மியானுஸ் நோயைச் சொல்லவில்லை. ஆனால் நீண்ட முற்றுகையில் நெருக்கடியும் பசியும் நோயும் சேர்ந்தே வரும் என்பதால், பெருஞ்சாவு நிகழ்ந்தது என்ற நினைவைத் தள்ள முடியாது. ஆண்டவன் கோபத்தைக் காட்ட எழுதிய இந்தப் பக்கமே, ஆசிரியர் எண்ணாத ஒன்றையும் சொல்லிவிடுகிறது: காக்க ஆள் இருந்தவரை அவள் கதவைத் திறக்கவில்லை. இத்தனை பேர் அவளை நம்பி உள்ளே இருந்தார்கள். அவர்கள் சாவில் அவளுக்குப் பங்கு உண்டு. ஆட்சியாளரின் முடிவு பயன் தந்தது என்பதால் அந்தப் பங்கு குறைந்துவிடாது.

அவள் முடிவு பற்றி மூன்று சாட்சிகளும் மூன்று விதம். சிறைபிடித்ததோடு அம்மியானுஸ் நிறுத்துகிறார். அசூர் நாட்டுக்குக் கொண்டுபோய் வண்டி ஏர்க்கால்களில் கழுவேற்றினார்கள் என்கிறார் கொரெனாத்சி. ஆர்மேனியாவை இழிவுபடுத்த ஷாபூர் அவளைத் தன் வீரர்களின் வன்கொடுமைக்கு விட்டுக் கொன்றான் என்கிறது புசந்தரன். எதை ஏற்பது? 359-இல் நிசிபிஸ் நகரப் பிரமுகர் கிராகாசியுஸின் மனைவி பிடிபட்டபோது ஷாபூர் அவளை மதிப்போடு நடத்தியதாக அம்மியானுஸே எழுதுகிறார். மனைவியை வைத்துக் கணவனை இழுக்கலாம் என்பது அன்றைய கணக்கு. பிடிபட்ட பெண்ணிடம் ஷாபூர் காட்டிய முகம், அவளால் என்ன கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. பாப்பை இழுக்க அவளைப் பயன்படுத்த முடியாதென்று தெரிந்தபின், வெறி அவளை எச்சரிக்கைப் பொருளாக்கியிருக்கலாம். கொடிய முறையில் கொல்லப்பட்டாள் என்பது வரை ஏற்கத்தக்கது. அதற்குமேல் விவரம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இங்கே புசந்தரனின் தராசைச் சோதிக்க நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. அதே நூலில், அதே போர்க்காலத்தில், மாமிகோனியன் குலப்பெண் ஹமசஸ்புகி வான் நகரில் கொல்லப்படுகிறாள். பாரசீக மதத்தை ஏற்க மறுத்ததால் உயரமான கோபுரத்திலிருந்து தொங்கவிட்டுக் கொன்றார்கள். அவளை வளர்த்த செவிலி கீழே நின்று எச்சங்களைத் திரட்டினாள். நூல் அவளை மறைசாட்சியாகப் போற்றுகிறது. பகை ஒன்று, பணிய மறுத்தது ஒன்று, சாவின் கொடுமையும் ஒன்று. ஒருத்தி சாவு தியாகம், மற்றவள் சாவு தண்டனை. இந்த வேறுபாடு நடந்த நிகழ்ச்சிகளில் இல்லை. குடியிலும் திருச்சபையோடு இருந்த உறவிலும் இருக்கிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு புசந்தரனின் செய்திகளைப் பயன்படுத்தலாம். தீர்ப்பை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது.

தீர்ப்பு

ஒலிம்பியா கொலையில் பரன்சேம் மேல் வலுவான ஐயம் நிற்கிறது. அதை யாரும் கழுவ வேண்டியதில்லை. தேசிய ஆபராவின் மாசற்ற நாயகி அவள் இல்லை. அதே வேளையில், பாவத்துக்குக் கூலி பெற்ற அரசி என்ற பழைய சித்திரமும் சான்றின்முன் நிற்கவில்லை. 368-க்கும் 370-க்கும் இடையே ஆர்மேனியாவில் முடிவெடுக்கும் நிலையிலிருந்த எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம்: சாய்ந்த பெருங்குடிகள், தயங்கிய பேரரசன், விலைபோய்த் திரும்பிவந்த அதிகாரிகள். எதிரி என்ன கேட்கிறான் என்பதைச் சரியாக அறிந்து, கையிலிருந்ததை இரண்டு இடத்தில் பிரித்து வைத்து, காலத்தைத் தன் பக்கம் திருப்பியவள் அவர்களில் அவள் ஒருத்தியே.

அவள் வாங்கிய காலம் நீளவில்லை. 374-இல் பாப்பை ரோமானியத் தளபதி திராயானுஸ் விருந்துக்கு அழைத்துக் கொலை செய்வித்தான்; தந்தைக்குப் பாரசீகர் செய்த துரோகத்தை மகனுக்கு ரோமர் செய்தார்கள். 387-இல் இரு பேரரசுகளும் நாட்டையே பங்கிட்டன. பெரும்பகுதி பாரசீகத்துக்குப் போனது. அந்தப் பங்கீட்டின்போது அரியணையில் இருந்த மூன்றாம் அர்ஷாக் பரன்சேமின் பேரன். இதனால் அவள் முயற்சி வீண் என்று ஆகிவிடாது. பங்கிட வந்தவர்கள்கூட ஓர் அரசகுலத்தை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. பாரசீகப் பகுதியில் அர்ஷாகுனி அரசர்கள் 428 வரை இருந்தார்கள். அவர்களில் ஒருவனான வ்ரம்ஷாபுக் காலத்தில்தான், 405-ஐ ஒட்டி, மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் ஆர்மேனிய எழுத்தை உருவாக்கினார்; அரசன் அவருக்கு ஆதரவளித்தான். அவளைப் பழித்த நூல் எழுதப்பட்டதும் அந்த எழுத்தில்தான். ஷாபூர் எண்ணியபடி அரசகுலம் 370-இலேயே முடிந்திருந்தால், அந்த முயற்சிக்குத் துணைநிற்க ஆர்மேனிய அரசன் ஒருவன் இருந்திருப்பானா என்பது பெரிய ஐயமே. ஆட்சியாளராகப் பரன்சேம் எடுத்த முடிவு சரியானது. அதன் விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் அவளும் அவளோடு அர்த்தகெர்ஸில் இருந்தவர்களும்தான்.